சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஓர் இடம்

நீதிமன்றத்தில் மொழிபெயர்த்துச் சொல்கிற வேலைக்கு என்ன படிக்க வேண்டும், எவ்வளவு செலவாகும், வேலை கிடைக்குமா என்று அவ்வப்போது யாராவது என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நாமக்கல்லில் நான் இந்தி எடுக்கும் விடுதிப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியைகள் கேட்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்கத் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வரும் அம்மாக்கள் கேட்கிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கெல்லாம் வாழ்க்கையில் ஒருமுறை இந்த ஆசை வந்துபோகும் போலிருக்கிறது. “வேண்டாங்க, வேற ஏதாவது படிங்க” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். முகத்தில் அடித்தாற்போலப் பேசுகிறேன் என்று பள்ளியில் எனக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. அவர்கள் நினைப்பதிலும் தப்பில்லை. செலவைப் பற்றியும் வருமானத்தைப் பற்றியும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம். ஆனால் அதைச் சொல்லத் தொடங்கினால் கோர்ட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இதுவரை வாயைத் திறக்கவில்லை.

என் அப்பா ரிக் வண்டியில் மேனேஜராக இருந்தார். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டியை எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கம் ரிக் என்றுதான் சொல்வோம். எங்கள் ஊர் வண்டிகள் போகாத மாநிலம் கிடையாது. வண்டி ஒரிசாவுக்குப் போனபோது அப்பா எங்களையும் அழைத்துக்கொண்டு போய் அங்கேயே ஒரு சின்ன டவுனில் வீடு எடுத்துவிட்டார். நான் எழுத்துக் கற்றுக்கொண்டது அங்கேதான். பள்ளிக்கூடத்தில் ஒடியா, பக்கத்து வீட்டில் இந்தி, வீட்டுக்குள் கொங்குத் தமிழ். அம்மா காய்கறிச் சந்தையில் நின்றே ஒடியா கற்றுக்கொண்டாள். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் பேரம் பேசுவாள், துக்கம் விசாரிப்பாள், சண்டையும் போடுவாள். ஒடியா வாக்கியத்தின் கடைசியிலும் ஒரு ‘ங்க’ போட்டுத்தான் முடிப்பாள். சந்தையில் இருந்தவர்கள் அதை அவளுடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு ‘ங்க அம்மா’ என்றே கூப்பிட்டார்கள்.

நான் பெரிய வகுப்புக்கு வந்த வருடம் அப்பா இறந்துபோனார். நாங்கள் ஊருக்குத் திரும்பினோம். அப்பாவுக்கு அந்த ரிக்கில் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கில் வரும் வருமானத்தில்தான் அம்மா என்னைக் கல்லூரியில் படிக்கவைத்தாள். படிப்பு முடிந்ததும் நாமக்கல் பள்ளியில் இந்தி ஆசிரியையாகச் சேர்ந்தேன்.

வாரிசுச் சான்று விஷயமாக ஒருமுறை நாமக்கல் கோர்ட்டுக்குப் போயிருந்தபோதுதான் எனக்கு அந்தக் கிறுக்குப் பிடித்தது. எங்கள் வக்கீல் வருவதற்கு நேரமானதால் ஒரு கோர்ட் ஹாலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஓர் ஒடியாக்காரர் நின்றிருந்தார். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்ப்பவர். ஏதோ அடிதடி வழக்கு. அவருக்குப் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தவர் வெளியே டீக்கடை வைத்திருப்பவர். அவருக்கு இந்தி கொஞ்சம் தெரியும், ஒடியா சுத்தமாகத் தெரியாது. கூண்டில் இருந்தவர் கையை ஆட்டி ஆட்டி நெடுநேரம் பேசினார். டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “ஞாபகம் இல்லைங்கறானுங்க” என்றார். அந்த மனுஷன் அப்படிச் சொல்லவே இல்லை. யார் முதலில் கை வைத்தது, எதனால் அடித்தது, எந்த இடத்தில் இரத்தம் வந்தது என்று எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் நான். நானோ எந்த வழக்கிலும் சேராமல் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அன்றைக்கு பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துவிட்டேன். கூண்டுக்குப் பக்கத்தில் அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும். யாரோ ஒருவர் சொல்வது என் வழியாக ஒன்றும் குறையாமல் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இதைவிடப் பெரிய ஆசை எனக்கு அதற்கு முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை.

எங்கே போய்ப் படிப்பது என்று விசாரித்தால் ஒருவருக்கும் தெரியவில்லை. வக்கீல்களைக் கேட்டேன், “அதுக்குன்னு தனியா படிப்பு இருக்குதுங்களா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். கடைசியில் தபால் வழியில் மொழிபெயர்ப்புக்கு ஒரு டிப்ளமோ இருக்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பணம் கட்டினேன். நேர்முக வகுப்புகள் சென்னையில். வெள்ளிக்கிழமை பள்ளி முடிந்து சேலம் போய் ரயில் ஏறினால் சனி, ஞாயிறு வகுப்பு. திங்கள் காலை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கரும்பலகை முன்னால் தூங்கி வழிவேன். இந்திக்குப் பெரிய பரீட்சைகள் எல்லாம் எழுதி முடித்தேன். அதற்கும் தனியாகக் கட்டணம், தனியாகப் புத்தகம். சட்டச் சொற்களுக்காகப் பழைய புத்தகக் கடையில் ஓர் அகராதி வாங்கினேன். அதில் பாதிச் சொற்கள் இப்போது வழக்கத்திலேயே இல்லை என்று பிறகு ஒரு குமாஸ்தா சொல்லிச் சிரித்தார்.

ஒடியாவுக்குத்தான் வழியே இல்லை. எனக்கு ஒடியா தெரியும் என்று எழுதிக் கொடுக்க இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. அதற்காகச் சேலத்தில் ரயில் ஏறி நான் படித்த பள்ளிக்கூடத்துக்கே போய், பழைய மதிப்பெண் சான்றிதழின் நகலை வாங்கிவந்தேன். போக வர ரயில் செலவு, அங்கே லாட்ஜ் வாடகை, பள்ளியில் சம்பளமில்லாத விடுப்பு. அந்தத் தாளில் ஒடியாவில் நான் வாங்கியிருந்த மதிப்பெண்ணைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது? அம்மா ரிக் பங்கைக் கூட்டாளிகளுக்கே கொடுத்துவிட்டாள். நான் தடுத்தேன், உண்மையாகத் தடுத்தேனா என்றால் தெரியாது. “பங்கு போனாப் போவுது சாமி. உங்கப்பன் ஓட்டை போட்டுப் போட்டு தண்ணி எடுத்தாரு. நீ பேசிப் பேசி எடு” என்றாள். பள்ளிக்கூடத்தில் முழுநேர வேலையையும் விட்டுவிட்டு, பாதி நேரத்துக்கு மாறிக்கொண்டேன். என்னோடு சேர்ந்தவர்களுக்கெல்லாம் சம்பளம் ஏறிக்கொண்டே போனபோது என் சம்பளம் பாதியாகக் குறைந்தது. எனக்கு வந்த வரன்களும் “பொண்ணு என்ன வேலைங்க?” என்று கேட்டுவிட்டு, “கோர்ட்டுக்குப் படிக்குது” என்று அம்மா சொன்னதும் பயந்து ஓடிவிட்டார்கள். வரன் ஓடியதில் எனக்குக் கவலையில்லை. ஆனால் அம்மாவுக்கு இருந்தது.

டிப்ளமோ வந்ததும் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு கோர்ட் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே தலைமை எழுத்தராக இருந்த சிரஸ்தார் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, எல்லாவற்றையும் படித்துப் பார்த்தார்.

“இதுக்கு வேலைன்னு ஒண்ணு இல்லீங்களே அம்மணி” என்றார். “மொழிபெயர்ப்பாளர் வேலை இருக்குது. அது இங்கிலீஷும் தமிழும். அதுவும் எல்லாரும் எழுதற பரீட்சை எழுதித்தான் வரோணும். ஒடியா, இந்தின்னு எங்க கோர்ட்ல பணியிடமே கெடையாதுங்க.”

“அப்ப வடக்கத்தி ஆளுங்க சாட்சி சொல்ல வந்தா என்னங்க பண்ணுவீங்க?”

“ஆரையாவது புடிச்சுட்டு வரச் சொல்லுவமுங்க. போலீஸ்ல ஒரு மேஸ்திரியக் கூட்டிட்டு வருவாங்க. வந்தா படி குடுப்பாங்க.”

அந்தப் படி பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும் என்று அவரே சொன்னார். பிழைப்புக்கு வேண்டுமானால் ரிக் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கலாம், கோழிப் பண்ணைகளுக்கு வடநாட்டு ஆட்களிடம் பேசிக்கொடுக்கலாம், அதில் கோர்ட்டை விட நல்ல காசு என்றும் யோசனை சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடப் படிப்புக்குக் கோழிப் பண்ணையா? அவர் என் போன் நம்பரை ஒரு தாளில் எழுதிப் பீரோவின் கதவுக்கு உட்புறம் ஒட்டிக்கொண்டார். “கூப்பிடறனுங்க” என்றார். வெளியே வந்து புங்க மரத்தடியில் நின்று அழுதேன். யாரோ எனக்குத் தண்டனை விதித்துவிட்டார்கள் என்று நினைத்து ஒரு வக்கீல் குமாஸ்தா வந்து ஆறுதல் சொன்னார்.

நெடுநாள் கழித்து, நான் மறந்தே போய்விட்ட பிறகு, அவர் நிஜமாகவே கூப்பிட்டார். ஒடியா பேசும் பெண் சாட்சி. புருஷன் கோழிப் பண்ணையில் கரண்ட் அடித்துச் செத்துப்போனவன். கவனக்குறைவால் மரணம் என்று பண்ணை மேலாளர்மேல் வழக்கு. நாளைக் காலை வர முடியுமா?

அன்று மாலை வீட்டில் நான் தரையில் நிற்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் எடுக்க வேண்டிய உறுதிமொழியைக் கண்ணாடி முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். சாட்சி சொல்வதை உண்மையாகவும் முழுமையாகவும் எடுத்துச் சொல்வேன் என்பதுதான் அதன் சாரம். சாட்சி ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும், ‘அவள் சொல்கிறாள்’ என்று சொல்லக் கூடாது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித்தந்தவை. அம்மா யாருடைய வழக்கு என்று கேட்டாள். புருஷன் இல்லாத ஒடியாக்காரப் பெண், இங்கே அவளுக்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை போலிருக்கிறது என்று சொன்னேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது. “நானும் வாரேன்” என்றாள் அம்மா. பெற்றவளுக்குப் பார்க்க ஆசை இருக்காதா என்று அழைத்துக்கொண்டு போனேன். சாட்சியோடு நான் பேசக் கூடாது, ஒட்டி உட்காரக் கூடாது, இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஆளாக இருக்க வேண்டும் என்று பஸ்ஸில் அம்மாவுக்கு விளக்கிக்கொண்டே போனேன். அம்மா எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள்.

காலையில் வழக்கு எடுக்கவில்லை. மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார்கள். வராண்டாவின் ஒரு முனையில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். முப்பதுகூட இருக்காது. இந்தப் பக்கம் கோழிப் பண்ணைகளில் புருஷனும் பெண்டாட்டியுமாக ஜோடியாகத்தான் வேலைக்கு எடுப்பார்கள். பண்ணைக்குள்ளேயே ஓர் அறை கொடுப்பார்கள். ஜோடியில் ஒரு ஆள் போனால் வேலையும் அறையும் சேர்ந்தே போகும். புருஷன் போனதும் இவளும் வெளியே வந்து, வேறொரு பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வராண்டாவின் மறுமுனையில், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சிரஸ்தார் கூப்பிட்டு அனுப்பியதால் என் சான்றிதழ்களைக் காட்ட உள்ளே போனேன். திரும்பி வர நேரமாகிவிட்டது.

வந்தபோது அம்மா அந்தப் பெண்ணுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணின் மடியில் ஒரு துணிக்கடைப் பை. அம்மா ‘ங்க’ போட்டு ஒடியாவில் என்னவோ சொல்ல, அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். ஓடிப்போய் அம்மாவை இழுத்தேன்.

“என்னம்மா பண்ற நீ?”

“கோடி போட்டேன் சாமி.”

எங்கள் பக்கத்தில் புருஷன் செத்தால் பிறந்த வீட்டிலிருந்து அண்ணன் தம்பிகள் புதுச் சேலை கொண்டுவந்து போடுவார்கள். அதுதான் கோடி. அதைப் போடாவிட்டால் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் ஆளில்லை என்று அர்த்தம். யாரும் இல்லாதவளுக்கு ஊரில் யாராவது ஒருத்தர் பிறந்த வீடாக நின்று போட்டுவிடுவார்கள். “ஆருமே வரலியாமா அவளுக்கு. வருஷம் போனா என்ன, கோடி கோடிதான” என்றாள் அம்மா. வீட்டில் தனக்கென்று எடுத்துவைத்திருந்த இளம்பச்சை நூல் சேலை அது. காலையிலேயே பைக்குள் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் நான் சொன்ன எதையும் அவள் மீறவில்லை. நான் பேசக் கூடாது என்று சொன்னேன், நான் பேசவில்லை. அவள் பேசக் கூடாது என்று நான் சொல்லவில்லையே.

மேலாளரின் வக்கீலுடைய ஜூனியர் தூணோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வழக்கைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் கூண்டில் ஏறினாள். நான் அவளுக்குப் பக்கத்தில், அத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்த அதே இடத்தில் போய் நின்றேன். உறுதிமொழிக்காக வாயைத் திறக்கும் முன் எதிர்த் தரப்பு வக்கீல் எழுந்தார். ஐம்பதைத் தாண்டியவர். எங்கள் பக்கத்துக்காரர்தான், பேச்சிலேயே தெரிந்தது. மரியாதை கொஞ்சமும் குறையாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“சாட்சிகிட்ட ஒரு பை இருக்குதுங்க. அதுல என்ன இருக்குதுன்னு அம்மணிக்குத் தெரியுங்களா?”

“சேலைங்க.”

“ஆரு குடுத்ததுங்க?”

“என் அம்மாங்க.”

நடுவராக இருந்த மாஜிஸ்திரேட் ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “எதற்காகக் கொடுத்தார்கள்?” என்று கேட்டார். கோடி என்றேன். அவருக்கு அது புரிந்தது என்பதை அவர் முகத்திலேயே பார்த்தேன். வக்கீலுக்கும் புரியும், குமாஸ்தாவுக்கும் புரியும், கதவருகே நின்ற போலீஸ்காரருக்கும் புரியும். அந்த ஹாலில் பேசிய தமிழ் புரியாத ஒரே ஆள் கூண்டில் நின்ற அந்தப் பெண்தான். ஆனால் மொழிபெயர்ப்பாளரின் குடும்பம் சாட்சிக்கு அன்பளிப்பு கொடுத்தது என்பதைத் தவிர, பதிவேட்டில் எழுதுவதற்கு வேறு வார்த்தை யாரிடமும் இல்லை. “நீங்கள் நடுநிலையான ஆள் என்று நான் எடுத்துக்கொள்ள முடியாது அம்மா” என்று நடுவர் சொன்னார். குரலில் கடுமை இல்லை. வழக்கை வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தார்.

வெளியே வந்ததும் அந்த வக்கீல் நேராக அம்மாவிடம் வந்தார். “ஆத்தா, நீங்க செஞ்சதுல தப்பே இல்லீங்க. என்ர வேலைய நானும் செய்யோணுமில்லீங்க” என்றார்.

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “உங்க தங்கச்சியா இருந்தா நீங்க கோடி போடுவீங்களா மாட்டீங்களா சாமி?”

“போடுவேனுங்க” என்றார். சொல்லிவிட்டு, போன் வந்ததுபோல அந்தப் பக்கம் போய்விட்டார்.

பஸ்ஸில் அம்மாவை நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும். ரிக் பங்கை விற்றதையே ஒரு சேலையைக் கொடுத்து ஒன்றுமில்லாமல் ஆக்கிவிட்டாய் என்றேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு தடவை, “அவ அழுதா சாமி, நான் என்ன பண்றது?” என்றாள். நான் இன்னும் கத்தினேன். அதற்கப்புறம் ரொம்ப நாளைக்குச் சாப்பாடு ஆச்சா, விளக்கை அணைக்கட்டுமா என்பதற்கு மேல் வீட்டில் எங்களுக்குள் பேச்சில்லை.

அடுத்த வாய்தாவுக்கு நானும் போனேன். போயிருக்கக் கூடாது. ஆனால் கோர்ட் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரக்கூடிய இடம் அல்லவா, போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் இளம்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்தில், சிரஸ்தார் அன்றைக்குச் சொன்னதுபோலவே, போலீஸ் கூட்டிவந்த ஒரு மேஸ்திரி நின்றார். வடக்கே போய் ஆட்களைக் கூட்டிவந்து பண்ணைகளுக்கு விடுகிறவர். அந்த வழக்கின் பண்ணையோடு மட்டும் அவருக்குச் சம்பந்தம் கிடையாது. மற்றப் பண்ணை முதலாளிகள் எல்லோரையும் நம்பித்தான் அவர் பிழைப்பு. அதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அது குற்றம் ஆகாது. உறுதிமொழியைக் கடகடவென்று சொல்லி முடித்தார்.

அந்தப் பெண் நன்றாகத்தான் பேசினாள். தண்ணீர் மோட்டாரில் கை வைத்தால் சுருக்கென்று இழுக்கிறது என்று என் புருஷன் முந்தின வாரமே மேலாளரிடம் சொன்னான். தீவன அறை வாசலில் நின்று சொன்னான், நானும் பக்கத்தில் இருந்தேன். காய்ந்த குச்சியால் சுவிட்சைத் தட்டிப் போடு, ஆள் வந்து பார்க்கும் என்று மேலாளர் சொன்னார். ஆள் வரவில்லை. குச்சியைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தோம். அன்றைக்கு மழையில் குச்சி நனைந்துபோயிருந்தது. இவ்வளவையும் அவள் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், எதிரில் இருக்கிறவர்களுக்குப் புரிய வேண்டும் என்று.

மேஸ்திரி, “காலையில மோட்டார் போடப் போனாருங்க, ஷாக் அடிச்சு உழுந்துட்டாருங்க” என்றார்.

நடுவர் நிமிர்ந்தார். “அந்த அம்மா இவ்வளவு நேரம் பேசினார்களே?”

“சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்கய்யா” என்றார் மேஸ்திரி. பதற்றத்தில் பெண் நடுவரை ஐயா என்றுவிட்டார்.

நான் எழுந்துவிட்டேன். கோர்ட் உதவியாளர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். உட்கார்ந்தேன். நடுவர் வேறொரு வழக்கின் தாள்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த இடைவெளியில், குனிந்து போய் அரசு வழக்கறிஞரின் காதில் சொன்னேன். அவர் கோப்பைப் புரட்டிவிட்டுத் தலையை அசைத்தார். “போலீஸ்ல குடுத்த வாக்குமூலத்துல இது இல்லீங்களே. நான் இப்பக் கேட்டா, நீங்க சொல்லிக்குடுத்துத்தான் சொல்றாங்கன்னு எதிர் வக்கீல் எந்திரிப்பாரு. சேலைக் கதைய மறுபடியும் எடுப்பாரு. வேண்டாமுங்க” என்றார். போலீஸில் அவள் வாக்குமூலம் கொடுத்தபோதும் மொழிபெயர்த்தவர் இதே மேஸ்திரிதான்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். பேச்சைச் சுருக்கிச் சொல்வதே தன் சாமர்த்தியம் என்று நினைத்திருக்கலாம். முதலாளிகளுக்கு ஆகாததை விட்டுவிட்டுப் பேசிப் பேசிப் பழகியுமிருக்கலாம். போதிய சாட்சியம் இல்லை என்று பிறகு அந்த மேலாளர் விடுதலையானார். அந்தக் குச்சி பதிவேட்டில் ஏறியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்குமா என்பது எனக்குத் தெரியாது. தெரியாதது ஒரு விதத்தில் நல்லது என்று சில நாள் நினைப்பேன். சில நாள் அதுவே தூங்கவிடாது. எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் அது ஏறியிருக்கும்.

சாட்சி முடிந்து அவள் வராண்டாவுக்கு வந்தாள். அம்மாவோடு பார்த்த ஞாபகத்தில் நேராக என்னிடம் வந்தாள்.

“அக்கா, நான் சொன்னதையெல்லாம் அவர் சொன்னாரா?” என்று ஒடியாவில் கேட்டாள்.

“இல்லை” என்றேன். “முந்தின வாரம் மேலாளரிடம் சொன்னதை விட்டுவிட்டார். குச்சியையும் விட்டுவிட்டார்.”

அவள் அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. மேஸ்திரி படிக்கட்டில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு, “அன்றைக்கு நீங்கள்தானே பேசுவதாக இருந்தது? ஏன் உங்களை நிற்கவிடவில்லை?” என்றாள்.

காரணம் ஒரே ஒரு வாக்கியம். அவளுடைய மொழியில் அதைச் சொல்ல எனக்கு நன்றாகவே வரும். அவள் முந்தானையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அவளுக்கு யாரோ பிறந்த வீடாக நின்று கொடுத்த ஒரே துணி அது. அதனால்தான் உன் பேச்சு போயிற்று என்று எப்படிச் சொல்வது?

“கோர்ட்டில் அப்படித்தான்” என்றேன். “ஒவ்வொரு நாளைக்கு ஒவ்வொருத்தரை நிற்கச் சொல்வார்கள்.”

அவள் நம்பினாள். பண்ணைக்குப் போகும் பஸ் நேரமாயிற்று என்று கிளம்பினாள். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்கள் அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள். இந்தச் சேலையை நான் இன்றைக்குத்தான் முதலில் கட்டினேன். என் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அவளும் இந்த நிறம்தான் எடுத்திருப்பாள்.”

வீட்டுக்குப் போனேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். வாசற்படியில் நின்றபடியே, அந்தப் பெண் சொன்னதை ‘நான்’ என்பது ‘நான்’ என்றே வரும்படி, ஒரு சொல்லையும் விடாமல், தமிழில் சொன்னேன்.